கிறிஸ்மஸ் துணிகளும் அந்தந்த நாள் ஜெபமும்

"ஜெபம் பண்ணுங்க, ஆண்டவர் பாத்துக்குவாரு" என்று சொல்லாத கிறிஸ்தவ வீடு எங்கள் பக்கம் கிடையாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் சொல்வோம், பேசி முடித்த கல்யாணம் தட்டிப்போனாலும் சொல்வோம். சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவோம். நானும் அப்படிச் சொல்லியே வளர்ந்தவள்தான். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டே நாளை ஓட்டவேண்டிய நிலை 2023 டிசம்பர் வெள்ளத்தில் வந்தது. அப்போது எது கைகொடுத்தது, எது கொடுக்கவில்லை என்பதை எழுதுகிறேன். பெரிய அற்புதம் எதுவும் இதில் இல்லை. சாட்சி சொல்லும் நேரத்தில் என்னை மைக் முன்னால் நிறுத்தினால் கேட்கிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள்.

ஏரலுக்குப் பக்கத்தில், தாமிரபரணிக் கரையை ஒட்டிய ஊர் எங்களுடையது. தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலத்தில் ஒரு சின்ன சபை. வீட்டுக்காரர் குத்தகைக்கு நிலம் பிடித்து வாழை போடுகிறவர். நான் வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒரு கால் மிஷின், ஒரு மோட்டார் மிஷின், மகளிர் குழுக் கடனில் வாங்கிய, துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷின் ஒன்று. எங்கள் ஊரில் தையல்காரிக்கு வருஷ வருமானத்தில் பாதி டிசம்பரில்தான் வரும். கிறிஸ்மஸுக்கு யாரும் பழைய துணியோடு கோயிலுக்கு வரமாட்டார்கள். பிள்ளைகளுக்கு ஃபிராக், பெரியவர்களுக்குப் பட்டுப் புடவைக்கு ஜாக்கெட். முதல் வாரத்தோடு ஆர்டர் வாங்குவதை நிறுத்திவிட்டு ராப்பகலாக மிதிக்க வேண்டும்.

டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்மஸுக்கு முந்தைய அட்வெந்து காலத்து மூன்றாம் ஞாயிறு. கோயிலில் பாதி பெஞ்சு காலி. மழை விடவே இல்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் மாவட்டத்தில் வருஷம் முழுக்கச் சேர்ந்து பெய்தாலும் அவ்வளவு வராது. ஆற்றில் ஒரு பக்கம் வெள்ளம், குளங்கள் ஒவ்வொன்றாக உடைந்து இன்னொரு பக்கம். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகளுக்குச் சுற்றுவட்டார மக்கள் தங்கள் கையிருப்பு அரிசியைப் போட்டுச் சோறாக்கிக் கொடுத்த கதை எல்லா டிவியிலும் வந்தது. எங்கள் தெருவுக்கு டிவியும் இல்லை, கரண்டும் இல்லை, போன் டவரும் இல்லை. பக்கத்துப் பாய் வீட்டு மாடியில் நாலைந்து குடும்பமாக நின்றோம்.

என் மாமியார் சங்கீதம் சொல்லிக்கொண்டே இருந்தார். "தேவனே, என்னை இரட்சியும், வெள்ளங்கள் என் ஆத்துமாமட்டும் பெருகிவருகிறது." அறுபத்தொன்பதாம் சங்கீதம். பாய் வீட்டம்மா ஒரு மூலையில் கையேந்தி துஆ செய்துகொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் வரவில்லை. கர்த்தருடைய ஜெபத்தைத் தொடங்கினால் "உம்முடைய சித்தம்" என்கிற இடத்தில் தொண்டை அடைத்தது. கீழே என் கடைக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது அந்த வரியைச் சொல்ல மனசு ஒப்பவில்லை. அத்தை சொல்வதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இடி விழுந்த அன்றைக்கே ஜெபம் ஊற்றாகப் பெருகும் என்று பலர் நினைக்கிறார்கள். வராவிட்டால் தன் விசுவாசத்தில் ஏதோ கோளாறு என்று பயந்துபோகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. வாய் வராத நாளில் அடுத்தவர் ஜெபத்துக்குள் உட்கார்ந்துகொள்ளலாம். இல்லாவிட்டால் வேதத்தில் ஏற்கெனவே எழுதியிருப்பதை வாசிக்கலாம். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று பதின்மூன்றாம் சங்கீதம் நேருக்கு நேராகவே கேட்கிறது. எண்பத்தெட்டாம் சங்கீதத்தில் கடைசி வரி வரைக்கும் ஆறுதல் என்று ஒரு வார்த்தை கிடையாது. நம் சபைகளில் இருபத்துமூன்றையும் தொண்ணூற்றொன்றையும் தலைகீழாகச் சொல்லத் தெரியும், இந்த இரண்டும் பலருக்குத் தெரியாது. தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. கோபத்தோடும் ஆண்டவரிடம் போகலாம் என்பதை நான் அந்த வாரம்தான் பழகினேன்.

தண்ணீர் வடிந்து கடையைத் திறந்தபோது சேறு முழங்காலளவு. தைத்து முடித்த துணிகள், வெட்டி வைத்தவை, வெட்டாத பிட்டுகள், எல்லாம் ஒரே உருண்டை. ஒவ்வொரு துணியிலும் பேர் எழுதிக் குத்தியிருந்த காகிதம் கரைந்துவிட்டது. அளவு நோட்டு பக்கத்தோடு பக்கம் ஒட்டி ஒரு செங்கல் மாதிரி கையில் வந்தது. ஒரு சிவப்புப் பட்டு ஜாக்கெட் பிட் சாயம் விட்டு, பக்கத்து வீட்டுப் பேத்தியின் வெள்ளை நெட் ஃபிராக்கில் இறங்கியிருந்தது. அந்த ஃபிராக்குக்கு நான் கையாலேயே முத்து கோத்திருந்தேன். முத்தெல்லாம் அப்படியே இருந்தது, துணிதான் ரோஸ் நிறத்தில் திட்டுத் திட்டாக.

இந்த இடத்தில் எல்லோரும் போலத்தான் நானும் ஜெபித்தேன். "ஆண்டவரே, எங்களை இந்தக் கஷ்டத்திலிருந்து தூக்கிவிடும்." ஒரு பக்கம் அது சரியான ஜெபம்தான். ஆனால் ஆமென் சொல்லிவிட்டு எழுந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. கஷ்டம் என்றால் எது? கடையா, வாழையா, கடனா, அத்தையின் மருந்தா? எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஆண்டவர் தலையில் வைத்துவிட்டு, அதே மூட்டையை நான் சுமந்துகொண்டு எழுந்தேன். "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்று மத்தேயு ஆறில் இயேசு சொன்னது எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டதுதான். அதை ஒரு வேலைமுறையாக எடுத்துக்கொள்ளலாம் என்று மாமியார்தான் வழி காட்டினார். சேற்றுக்கு நடுவில் நின்று அழுதுகொண்டிருந்த என்னிடம், "ஏட்டி, இன்னைக்கி என்ன வேணும்னு மட்டும் கேளு. நாளைக்கு உள்ளத நாளைக்குக் கேட்டுக்கிடலாம்" என்றார்.

அன்றைக்கு வேண்டியது நல்ல தண்ணீர். துணியை அலச. சோப்புப் போட்டால் சேறு துணிக்குள் இறங்கிக் கறையாகிவிடும். வெறும் தண்ணீரில் சேறு போகும்வரை திரும்பத் திரும்ப அலசி, கரும் நிறங்களைத் தனியாகப் பிரித்து, அதற்குப் பிறகுதான் சோப்பு. கிணறு கலங்கிக் கிடந்தது. தண்ணீருக்காக ஜெபித்துவிட்டு, டிராக்டர் வைத்திருக்கும் அண்ணாச்சி வீட்டுக்கு நடந்துபோய்க் கேட்டேன். மேட்டு நிலத்துப் போரிலிருந்து டிரம்மில் பிடித்து வந்து இறக்கினார். இதை அற்புதம் என்பீர்களோ, அண்ணாச்சியின் நல்ல மனசு என்பீர்களோ, எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது. ஜெபிக்காமலிருந்தால் நான் அவரிடம் போய்க் கேட்டிருக்கமாட்டேன் என்பது மட்டும் நிச்சயம். வரப்புத் தகராறில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் பேச்சு நின்று வருஷக்கணக்காகியிருந்தது.

டவர் வந்த பிறகு அடுத்த பாடு. துணி கொடுத்தவர்களுக்குப் போன் போட வேண்டும். அடுத்தவர் துணியைப் பறிகொடுத்துவிட்டு அந்தச் செய்தியைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று தையல் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். நெகேமியா இரண்டாம் அதிகாரத்தில் ஒரு இடம் வரும். ராஜா "நீ கேட்கிற காரியம் என்ன" என்று கேட்கிறார். பதில் சொல்வதற்கு முன்னால் நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம் பண்ணினேன் என்கிறான். ராஜா எதிரே நிற்கும்போது முழங்கால்படியிட நேரம் எங்கே இருந்திருக்கும்? ஒரு மூச்சு விடும் நேரம்தான். அந்த மூச்சளவு ஜெபத்தைத்தான் நானும் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு நம்பரையும் அழுத்துவதற்கு முன்னால், "ஆண்டவரே, முதல் வார்த்தைய மட்டும் தாரும்." அவ்வளவுதான்.

ஒரு டீச்சரம்மா, "துணி கெடக்கட்டும்மா, நீங்கல்லாம் எப்படி இருக்கீங்க, சாப்பிட்டீங்களா?" என்றார். அழுதுவிட்டேன். இன்னொருவர், கோயிலில் எனக்கு முன் பெஞ்சில் உட்காருகிறவர்தான், பட்டுக்கு விலை என்ன தெரியுமா என்று ஆரம்பித்து நான் ஏதோ எடுத்து விற்றுவிட்டது போலப் பேசினார். அதற்கும் முன்னால் அதே ஜெபத்தைத்தான் செய்திருந்தேன். ஜெபம் அவர் வாயை மாற்றவில்லை. என் குரல் உயராமல் இருந்தது, அதுதான் கிடைத்த பதில். பேசி முடித்து, அடுத்த வருஷம் முழுக்க அவர் வீட்டுத் தையலைக் கூலி இல்லாமல் தைத்துக் கழிப்பது என்று முடிவானது. கழித்தேன். அவரோடு எனக்கு இன்றைக்கும் பெரிய பிரியம் கிடையாது, பரஸ்பரம் தோத்திரம் சொல்லிக்கொள்வதோடு சரி.

கால் மிஷினை மெக்கானிக் வந்து கழற்றி, ஷட்டில், பாபின் கேஸ் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, எண்ணெய் விட்டுப் பூட்டினார். ஓடியது. மோட்டார் மிஷினுக்குக் காயில் கட்ட வேண்டியதாயிற்று. ஓவர்லாக்கைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை, "இது அவ்ளோதான்க்கா" என்றுவிட்டார். மிஷின் போய்விட்டது, அதற்கு வாங்கிய கடன் போகவில்லை.

மாமியாரின் இன்சுலின் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் உயிர் இருக்கிறது. ஃபிரிட்ஜ் மிதந்துவிட்டது. பையில் பத்திரமாக எடுத்து வந்த குப்பி ஒன்றுதான் மிச்சம். திறந்த குப்பி வெயில் படாமல் இருந்தால் சாதாரணமாக நாலு வாரம் வரை தாங்கும் என்று நர்ஸ் வேலை பார்க்கும் உறவுக்காரப் பெண் சொல்லியிருந்தாள். மண்பானையில் ஈரத்துணி சுற்றி, நனையாமல் டப்பாவுக்குள் வைத்துச் சமாளித்தோம். மருத்துவ முகாம் வந்ததும் புதுக்குப்பி கிடைத்தது. அதற்கு நடுவில் வெளியூரிலிருந்து நிவாரணப் பொருளோடு வந்த ஒரு ஊழியக்காரர், அத்தையின் தலையில் கை வைத்து உருக்கமாக ஜெபித்தார். நல்ல ஜெபம். முடித்துவிட்டு, "அம்மா, விசுவாசமா இருந்தீங்கன்னா இனி ஊசி எதுக்கு?" என்றார். அத்தை பழைய எட்டாம் வகுப்பு. வேதத்தில் அவரை அசைக்க முடியாது. "எசேக்கியா ராஜா அழுது ஜெபிச்சாரு, ஆண்டவரு கேட்டேன்னுட்டாரு. அதுக்கப்புறமும் ஏசாயா அத்திப்பழத்து அடையக் கொண்டாந்து பிளவை மேல போடத்தானே சொன்னாரு? நீங்க போயிட்டு வாங்க தம்பி" என்றார்.

இரண்டாம் இராஜாக்கள் இருபதாம் அதிகாரம். யாராவது ஜெபத்தின் பேரால் மருந்தை நிறுத்தச் சொன்னால் இந்த அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள். சர்க்கரை, பிரஷர், வலிப்பு, மனநோய் மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் ஒருநாளும் நிறுத்தக்கூடாது. இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. காணிக்கை அனுப்பினால் கடன் தீரும் என்று போனில் பேசுகிறவர்களையும் இதே வரிசையில்தான் வைக்கிறேன். வெள்ளத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட அழைப்புகள் எங்கள் ஊருக்கு நிறைய வந்தன. நம்பர் எப்படிக் கிடைத்ததோ.

ஜனவரியில் கடன் வசூல் தொடங்கியது. அரசு கொடுத்த 6,000 ரூபாய் வந்த வழியே அரிசிக்கும் பாத்திரத்துக்கும் போய்விட்டது. குழுக் கடனுக்கு வாரத் தவணை. வசூலுக்கு வரும் பையன் திண்ணையில் உட்கார்ந்துவிடுவான், பணம் வராமல் எழுந்திருக்க மாட்டான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை, அவனுக்கு மேலே ஒருவன். எங்கள் குழுவில் எல்லாருக்கும் இதே கதிதான். வெள்ளிக்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கத்து உபவாச ஜெபத்தில் இதை வைத்து ஜெபித்தோம். அதுவரை கடன் விஷயத்தை யாரும் அங்கே வாய்விட்டுச் சொன்னதில்லை. சுகவீனத்துக்கு ஜெபிக்கக் கேட்போம், மகன் வேலைக்கு ஜெபிக்கக் கேட்போம், கடனைச் சொன்னால் மானம் போய்விடும் என்று மூடி வைப்போம். அன்றைக்கு ஒருத்தி சொல்லி அழுததும் ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். ஜெபத்தில் நடந்த பெரிய காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். ஒவ்வொருத்தியும் தனியாகத் திண்ணையில் பட்ட அவமானம் எல்லாருக்கும் பொதுவானது என்று தெரிந்தது.

ஜெபம் முடிந்த கையோடு ஐயரம்மா, அதாவது எங்கள் குருவானவரின் மனைவி, ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். மனு எழுதினோம். மறுவாரம் ஊர்ப்பெண்கள், இந்துப் பெண்களும் சேர்ந்து, ஒன்றாகக் கிளை அலுவலகத்துக்குப் போனோம். சில மாதம் தவணையைத் தள்ளி வைத்தார்கள், வட்டியைத் தள்ளவில்லை. முழு வெற்றி இல்லை, ஆனாலும் திண்ணையில் உட்காருவது நின்றது. இதே மாதிரிச் சிக்கலில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். இயற்கைப் பேரிடர் வந்த இடங்களில் பயிர்க்கடனை மாற்றியமைத்துத் தவணையை நீட்டிக்க வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியின் வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன. அந்த வெள்ளச் சமயத்து விதிப்படி பயிர்ச் சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டியிருந்தது, அந்தப் பகுதி பாதிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டிருக்கவும் வேண்டியிருந்தது. தானாக நடக்காது, கேட்க வேண்டும். எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். நெகேமியாவே நாலாம் அதிகாரத்தில் ஜெபம் பண்ணி, அதோடு இரவும் பகலும் ஜாமக்காரரை நிறுத்தினான். எழுதி வாங்குவது விசுவாசக் குறைவு ஆகாது.

குத்தகைக்காரர்களுக்கு அந்த வழியும் குறுகல்தான். பட்டா நிலக்காரர் பேரில், பயிர்க் கணக்கு எழுதும் அடங்கலும் அவர் பேரில். வாழை முழுக்க எங்கள் உழைப்பு, குலை தள்ளியிருந்த நேரத்தில் வேரோடு சாய்ந்தது. நிவாரணம் யாருக்கு என்று வந்தபோது நிலக்காரரும் நாங்களும் பேசித்தான் தீர்க்க வேண்டியிருந்தது. அந்தப் பேச்சை இங்கே எழுத விருப்பமில்லை.

வீட்டுக்காரர் அதோடு ஜெபிப்பதை நிறுத்திவிட்டார். சண்டை போடவில்லை, தேவதூஷணம் எதுவும் பேசவில்லை. குடும்ப ஜெபத்துக்குக் கூப்பிட்டால் "நீங்க பண்ணுங்க" என்று வெளியே போய்விடுவார். கோயிலுக்கும் வரவில்லை. சபையில் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி எனக்கு அலுத்துப்போயிற்று. "யோபு மாதிரி இருக்கணும்" என்று ஒருவர். "ஏதாவது பாவம் தடையா இருக்கும், ஆராய்ஞ்சு பாக்கச் சொல்லுங்க" என்று இன்னொருவர். யோபுவின் சிநேகிதர்களும் இதைத்தான் சொன்னார்கள், கடைசி அதிகாரத்தில் கர்த்தர் அவர்கள்மேல்தான் கோபப்பட்டார் என்பதை இவர் மறந்துவிட்டார்.

உதவியது எலியாவின் கதை. பாகாலின் தீர்க்கதரிசிகளை ஜெயித்த அதே எலியா, அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து சாகவேண்டும் என்று கேட்கிறான். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை, எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் பக்கத்தில் இருந்தன. சாப்பிட்டு, திரும்பப் படுத்துக்கொண்டான். மறுபடி எழுப்பி மறுபடியும் சாப்பாடு. கர்த்தருடைய பேச்சு அதற்கு ரொம்பப் பிறகு, ஓரேப் மலையில்தான். நானும் வீட்டுக்காரரிடம் ஜெபத்தைப் பற்றிப் பேசுவதை விட்டேன். வேளைக்குச் சாப்பாடு, ராத்திரி சீக்கிரம் படுக்கை, காலையில் அவரோடு தோட்டத்துக்குப் போய்ச் சாய்ந்த மரங்களை வெட்டி அள்ளுவது. எங்கள் குருவானவரும் புத்திசாலி. வீட்டுக்கு வந்தால் வேதாகமத்தைத் திறக்கமாட்டார், மண்வெட்டியைக் கேட்பார். அவர் வாழை வெட்டின லட்சணத்தைப் பார்த்து வெள்ளத்துக்குப் பிறகு முதன்முதலாக வீட்டுக்காரர் சிரித்தார். இப்போது குடும்ப ஜெபத்தில் வந்து உட்காருகிறார். கர்த்தருடைய ஜெபத்தில் மட்டும் சேர்ந்து சொல்வார், தனியாக ஜெபிக்கச் சொன்னால் மாட்டேன் என்பார். நான் கேட்பதும் இல்லை.

அந்த வருஷம் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், புது வருஷத்துக்கு ஆளுக்கொரு வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுத்தோம். எனக்கு வந்தது ஆசீர்வாதம் பெருகும் என்கிற மாதிரி ஒரு வசனம். சேற்று வாடை போகாத சேலையோடு அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது சிரிப்புத்தான் வந்தது. அட்டை எடுக்கக் கூடாது என்று சொல்லமாட்டேன், எனக்கும் பிடித்த வழக்கம்தான். ஆனால் அதை ராசிபலன் மாதிரி வைத்துக்கொண்டு வருஷம் முழுக்க "எங்கே வரவில்லையே" என்று பார்த்துக்கொண்டிருப்பது மனசைக் கெடுக்கும். அந்த வசனம் எந்த அதிகாரத்தில், யாருக்கு, எந்த நிலையில் சொல்லப்பட்டது என்று வேதத்தைத் திறந்து முன்பின் வாசித்தால் பாதி ஏமாற்றம் குறையும். அப்படி வாசித்ததில் எனக்கு வந்த வசனம் ஊரை இழந்து நின்ற ஜனங்களுக்குச் சொன்னது என்று தெரிந்தது. அதற்குப் பிறகுதான் அட்டையை வேதாகமத்துக்குள் வைத்தேன்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபம் முன்பெல்லாம் நீளம். பெரியவர்கள் உலகத்துக்கெல்லாம் ஜெபிப்பார்கள், பிள்ளைகள் தூங்கி விழும். கரண்ட் இல்லாத அந்த நாள்களில் மெழுகுவர்த்தி தீருமே என்று சுருக்கிக்கொண்டோம். ஆளுக்கு ஒரு காரியம், ஒரே வாக்கியம். சின்னவள், "ஆண்டவரே, கணக்குப் புக்கு நனைஞ்சிபோச்சி, டீச்சர் திட்டக் கூடாது" என்றாள். அதுவரை அவள் பயந்துகொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. அரையாண்டுப் பரீட்சை தள்ளிப்போனதும், நனைந்த புத்தகங்களுக்குப் பதில் கிடைக்கும் என்று பள்ளியில் சொன்னதும் அவளுக்குப் பெரிய பதில். கரண்ட் வந்த பிறகும் அந்த ஒரு வாக்கிய வழக்கத்தை விடவில்லை. யார் மனசில் என்ன ஓடுகிறது என்று வீட்டில் தெரிந்துகொள்ள அதைவிடச் சுலபமான வழி நான் பார்க்கவில்லை.

நோட்டு ஒன்றும் வைத்திருக்கிறேன், பள்ளிக்கூட நோட்டுத்தான். இடது பக்கம் தேதியும் அன்றைக்குக் கேட்டதும். வலது பக்கம் என்ன நடந்தது, அதில் நான் செய்யவேண்டியது என்ன. வலது பக்கம் காலியாக நிற்கும் வரிகளும் உண்டு. ஓவர்லாக் மிஷினுக்கான வரி அப்படியே நிற்கிறது. கடையில் இப்போதும் ஓரம் அடிக்கத் துணியை ஏரலுக்குக் கொடுத்து அனுப்புகிறேன். அந்த வரியை நான் அடிக்கவில்லை, நிறைவேறியதாகவும் எழுதவில்லை.

கடைசியாக, "எங்களுக்காக ஜெபிச்சுக்கோங்க" என்று யாராவது கேட்டால் செய்யவேண்டியது. "சரி, ஜெபிக்கிறேன்" என்று போனை வைத்தால் மறந்துபோகும், எனக்கே எத்தனையோ தடவை மறந்திருக்கிறது. அதனால் போனிலேயே, அந்த நிமிஷமே, இரண்டு வரி ஜெபித்துவிடுகிறேன். பிறகு, "இன்னைக்கி என்ன வேணும்?" என்று கேட்கிறேன். "ஒன்னும் வேண்டாம்" என்றுதான் முதலில் சொல்வார்கள். சும்மா இருக்காமல் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். வஸ்திரமில்லாதவனைச் சமாதானத்தோடே போ என்று அனுப்பினால் பிரயோஜனமென்ன என்று யாக்கோபு கேட்பது சும்மா இல்லை. வெள்ளத்துக்கு எங்கள் ஊருக்கு வந்த லாரிகளில் பிஸ்கட்டும் பிரெட்டும் தண்ணீர் பாட்டிலும் தேவைக்கு மேல் வந்தன. ஈரச் சேலையோடு நின்ற பெண்களுக்கு முதலில் வேண்டியிருந்தது மாற்றுத் துணி. யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. சாயர்புரத்திலிருந்து வந்த ஒரு வயதான அம்மா மட்டும் மூட்டை நிறைய நைட்டி, உள்பாவாடை, நாப்கின் பாக்கெட், பெரியவர்களுக்கான டயபர் என்று கட்டிக்கொண்டு வந்து, ஆண்களைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு அவிழ்த்தார். நீங்கள் எங்காவது உதவிக்குப் போகிறவர்களாக இருந்தால் அந்த மூட்டையை முதலில் கட்டுங்கள். அத்தோடு பாய் வீட்டு மாடி மாதிரி இடங்களில் இருக்கிறவர்களுக்குக் கொசுவர்த்தியும் தீப்பெட்டியும், பிளாஸ்டிக் கவரில் சுற்றி.